சீட்டுக்கு அடியில் இஞ்சின்

டிசம்பர் 20, சனி

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் மழை. நேற்றோடு பள்ளி முடிந்தது. ஜனவரி 12 வரை ஹாரன் இல்லை, "ஆண்ட்டி, இவன் கிள்றான்" இல்லை.

என் பள்ளி வேன் போர்ச்சில் நிற்கிறது. மெக்கானிக் ஆ செங்கின் பட்டறையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தோம். எங்கள் புந்தோங் பகுதி முழுக்க வேடிக்கை பார்த்தது. நேற்றுக் கடைசி ஓட்டத்தில் செம்மோர் சாலை மேட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து நின்றது. நல்லவேளை, பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது. ஆ செங் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினான். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்கோப்பி நிறம்.

"மேல ஹெட் போச்சு. கீழயும் தட்டுது. சீனப் பெருநாள் வரைக்கும் என்னால கை வைக்க முடியாது லா, குளோரி. கழிச்சிப் போடு."

"நானே பிரிச்சா?"

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். உள்ளே போய் இந்த இஞ்சினுக்கான கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். நகல் எடுத்தது, பக்கத்துக்குப் பக்கம் கைரேகை. "படி. படிச்சப்புறமும் ஆசை இருந்தா போன் பண்ணு."

படித்தேன். ஆசை இருக்கிறது. பயமும்.

வேறு வேன் வாங்க வழியில்லை. அது ஒரு காரணம். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. இந்த வகை வேனில் இஞ்சின் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் கீழே. பதினோரு வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். சூடு தெரியும், அதிர்வு தெரியும், உடம்பு சரியில்லாத நாளின் சத்தம் தெரியும். முகம் தெரியாது.

வீட்டுக்காரர் தாஸிடம் போனில் சொன்னேன். ஜொகூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குளோ, மிக்சி பிளேடு மாட்டவே என்னைக் கூப்பிடுவே நீ."

அந்த மிக்சியில் வேறு கோளாறு.

செய்ய: போர்ச்சைக் காலி பண்ண. பூச்சட்டிகள் பின்பக்கம். மிலோ டின், முட்டை அட்டை, ஐஸ் தட்டு எல்லாம் சேர்க்க, நட்டு போட்டு வைக்க. மண்ணெண்ணெய். பழைய துணி. கேக்குக்கு முந்திரி.


டிசம்பர் 21, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் நிற்கவில்லை. சாமியார் பிரசங்கம் செய்யும்போது நான் மனசுக்குள் ரேடியேட்டர் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றி, ஓட்டுநர் சீட்டைக் கழற்றினேன். நாலு போல்ட்டு. ஒன்று துரு. சீட்டுக்கு அடியில்: இரண்டு பென்சில், ஒரு பள்ளிக்கூட பேட்ஜ், காய்ந்த ரம்புத்தான் கொட்டை, யாருடையதோ ஒரு சாக்ஸ். அப்புறம் தகர மூடி. அதையும் தூக்கினேன்.

இருந்தது.

அழுக்கு. புழுதியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புப் பட்டு மாதிரி படிந்திருந்தது. குழாய்கள், கம்பிகள், எது எங்கே போகிறதென்றே புரியவில்லை. ஆனால் அசைத்துப் பார்த்தால் ஒன்றும் வெறுமனே இல்லை. ஒவ்வொன்றும் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பதினொரு மணிக்குக் கவிதா மோட்டார் சைக்கிளில் வந்தாள். என் வேனில் வரும் யாழினியின் அம்மா. வீடு செம்மோர் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், பால்மரமெல்லாம் போய் இப்போது செம்பனை எண்ணெய் மரங்களும் புதுக் குடியிருப்பும். நாலைந்து குடும்பம் மட்டும் இன்னும் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த லயத்து வீடுகளில். யாழினிக்கு ஒன்பது வயசு, நடக்க வராது. நான்தான் தூக்கி முன்சீட்டில் வைப்பேன். மற்ற இரண்டு வேன்காரர்களும் முடியாது என்றுவிட்டார்கள், தூக்கி இறக்க ஆள் இல்லையாம். அவள் பள்ளிக்கு வந்தால்தான் கவிதா கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட்டுக்குப் போக முடியும்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள். "அக்கா, பொய் சொல்லாம சொல்லுங்க. பள்ளி திறக்கறப்ப வேன் ஓடுமா? புது வருஷத்து ஷிஃப்ட் போடறாங்க. ஏழாந்தேதிக்குள்ள நான் சொல்லணும். இல்லன்னா வேலைய விடணும்."

"தெரியாதும்மா. முன்ன செஞ்சதில்ல."

ஹெல்மெட்டைக் கழற்றி, இஞ்சின் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன்.

"சரி. லைட்டு யாரு புடிக்கிறா?"

சாயங்காலம்வரை பிடித்தாள். யாழினி பக்கத்து வீட்டில் இருக்கிறாளாம். ஒவ்வொரு கம்பியையும் கழற்றுமுன் படம் பிடித்து, வெள்ளை டேப் ஒட்டி, பெயர் எழுதினோம். பெயர் தெரியாததற்கு நாங்களே வைத்தோம். 'நீலக்கம்பி, இடது, பிடிவாதக்காரன்.'


டிசம்பர் 23, செவ்வாய்

இஞ்சின் வெளியே வந்துவிட்டது!

ஆ செங்கே வந்தான், சங்கிலியும் சக்கரப் பலகையும் கொண்டு. "நீ நசுங்கிச் செத்தா எனக்குத்தான் பாவம்" என்றான். வேனின் முன்பக்கத்தை உயரமாகத் தூக்கி இஞ்சினைக் கீழ்வழியாக இறக்க வேண்டும். நானும் கவிதாவும் பக்கவாட்டில் பிடித்தோம். கடைசி போல்ட்டு விட்டதும் சங்கிலி ஒரு முனகல் முனகியது. மெதுவாக, மெதுவாக. பலகையில் உட்கார்ந்தது.

"இவ்ளோதானா!" என்றாள் கவிதா.

அதேதான் எனக்கும். அரிசி மூட்டை ஒன்றைவிடக் கொஞ்சம் பெரிசு. இதுவா வேன் நிறைய பிள்ளைகளையும், அவர்கள் புத்தகப் பைகளையும், என்னையும், பதினோரு வருஷம் மேடு ஏற்றியது?

ஆ செங் பாலில்லாத கோப்பி-ஓ குடித்துவிட்டு, இறுக்கம் அளக்கும் ஸ்பானரை விட்டுப்போனான். வேண்டிய அளவு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும். "இத மட்டும் கீழ போடாத" என்றான். மடியில் வைத்துக்கொண்டேன், குழந்தை மாதிரி.

முழங்கை வரை கறுப்பு. சோப்பு போகவில்லை. சீனி போட்டுத் தேய்த்தேன், போனது.


டிசம்பர் 24, புதன்

காலையில் தாஸ் ராத்திரி பஸ் முடித்து வந்தார். போர்ச்சைத் தாண்டி, நேராகப் போய்ப் படுத்துவிட்டார்.

ஹெட்டைக் கழற்றினேன். அது இஞ்சினின் மேல்பாதி, காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, புகை வெளியே போக, கதவு மாதிரி வால்வுகள் இருக்கும் பாகம். பத்து போல்ட்டு, கையேடு சொன்ன வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொன்றும் முதலில் அசைய மறுத்தது, பிறகு 'டக்' என்று விட்டது. அந்த 'டக்' ஒவ்வொரு தடவையும் என் பல்லில் கேட்டது. ஹெட்டைத் தூக்கினேன்.

நாலு துளை. நாலு சிலிண்டர். இரண்டில் பிஸ்டன் மேலே, இரண்டில் கீழே.

எப்படி எழுதுவது? வெளியே அவ்வளவு அழுக்கு. உள்ளே கண்ணாடி. சுவரில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. லைட்டைச் சாய்த்துப் பிடித்தால், அந்தப் பளபளப்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள், பாய் பின்னியது போல. எண்ணெய் நின்று பிடிக்க, தொழிற்சாலையில் வேண்டுமென்றே போட்ட கீறல்களாம். இந்த வேன் செய்தபோது ஜப்பானில் யாரோ போட்டது. இன்னும் அழியவில்லை. நான் வண்டி ஓட்டக் கற்குமுன்னே யாரோ போட்ட கோடு.

கேக் கருகிவிட்டது. அடியை வெட்டிப் போட்டேன்.

சாயங்காலம் தாஸ் எழுந்து, தோளில் துண்டோடு வந்தார். கிண்டல் செய்யப்போகிறார் என்று தயாராக இருந்தேன். குனிந்து பார்த்தார். விரலை விட்டுச் சுவரைத் தடவினார்.

"இதுலதான் வெடிக்குதா?"

"ஆமா. ஒண்ணு மாத்தி ஒண்ணு. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல. ஒவ்வொரு வாட்டியும் பிஸ்டன் மேல போயி நிக்கணும், கீழ வந்து நிக்கணும்."

"நிக்குமா?"

"நிக்காம எப்படித் திரும்பும்?"

கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். "இருவது வருசமா முதுகுக்குப் பின்னால இஞ்சின வச்சிக்கிட்டு ஓட்றேன். ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல லா."

அப்புறம் கோயிலிலிருந்து கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். முன்னால் வந்த சூசை அண்ணன் போர்ச்சில் கால் வைத்ததும் நின்றார். மேலே நட்சத்திர விளக்கு, அதற்கு நேர் கீழே பிரித்துப்போட்ட இஞ்சின்.

"என்னா தாஸு, இந்த வருசம் குடில் இதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பாடி முடித்ததும் போகவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து துளைக்குள் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கித்தார் வாசிக்கிற பெண் இரண்டு தடவை.


டிசம்பர் 26, வெள்ளி

நேற்று பூசை, பிரியாணி, தூக்கம். இஞ்சினைத் தொடவில்லை. மூன்று தடவை துணியைத் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்று கவிதாவுக்கு ஓய்வு நாள். இஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகம். பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்து, எண் போட்டு, முட்டை அட்டையில் வைத்தோம். கடைசியில் க்ராங்க். பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுற்றலாக மாற்றுகிற நீளமான தண்டு. வளைந்து வளைந்து, ஒரே இரும்பில். இருவருமாகத் தூக்கி, என் பழைய கைலியை மடித்து அதன்மேல் கிடத்தினோம்.

அது உட்கார்ந்திருந்த இடங்களில் பேரிங் என்று மெல்லிய தகடுகள், பாதி வளையம் மாதிரி. நகத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஒன்றில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது. தட்டிய சத்தம் இதுதான். கிடைத்துவிட்டது!

கையேட்டில் ஒரு வாக்கியம். மூன்று தடவை படித்தேன். கவிதாவுக்கும் படித்துச் சொன்னேன். இஞ்சின் ஓடும்போது க்ராங்க் இந்தத் தகடுகளைத் தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய், முடியைவிட மெல்லிசாக. அந்த எண்ணெய்மேல் மிதக்கிறது.

"தொடாதா?"

"தொட்டா தேஞ்சிரும். இந்தா, இது தொட்டுருக்கு."

"அப்ப நாம மேட்டுல போறப்பல்லாம்..."

"மிதந்துக்கிட்டுப் போயிருக்கோம்."

கவிதா க்ராங்க்கை ஒரு விரலால் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள். "தண்ணியும் எண்ணெயும் கலந்தப்ப அதுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றாள்.

க்ராங்க்கை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும், நகம் மாட்டினால் பழுது. ஓர் இடத்தில் மாட்டுகிற மாதிரியும் இருக்கிறது, மாட்டாத மாதிரியும் இருக்கிறது. கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனால்தான் தெரியும். ஆ செங் சொன்ன ஆள் தைப்பிங்கில்.

வீட்டுப் பூனை, பிஸ்டன் அட்டைக்குப் பக்கத்திலேயே படுக்கிறது. விரட்டினாலும் வருகிறது.


டிசம்பர் 29, திங்கள்

தைப்பிங். மழை. மழைக்குப் பேர்போன ஊர், வேறென்ன?

தாஸ் தன் நண்பரின் பிக்கப்பை இரவல் வாங்கி ஓட்டினார். பின்னால் தார்ப்பாயின்கீழ் ஹெட், சிலிண்டர் துளைகள் உள்ள பிளாக், க்ராங்க். பெயர்ப்பலகை இல்லாத கடை. முதலாளி ஹோ, என் வயசுதான் இருக்கும், மலாயில் பேசினார். பேச்சு குறைவு. துணியைத் தூக்கிப் பார்த்தார். "யார் கழற்றினது?" நான் என்றேன். தாஸைப் பார்த்தார். தாஸ் என்னைக் காட்டினார். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பிளாக் நல்லா இருக்கிறதாம். க்ராங்க்குக்கு மெருகு போட்டால் போதுமாம். சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிறகு ஹெட். அதன்மேல் ஓர் எஃகுச் சட்டத்தை நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்தார். சட்டத்துக்கு அடியில் ஓர் ஒளிக்கோடு. வெந்து வளைந்திருக்கிறது. "இதைச் சீவிடலாம்" என்றார். அடுத்து துளைகளையெல்லாம் அடைத்து, காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். மூன்று பேரும் தொட்டிமேல் குனிந்து நின்றோம். வெளியே மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு வால்வுக்கு நடுவிலிருந்து ஒரு குமிழி. கடுகு அளவு. மேலே வந்து உடைந்தது. அப்புறம் இன்னொன்று.

"ரெத்தாக்" என்றார். விரிசல். ஒட்டவைத்தாலும் நிற்காதாம். வேறு ஹெட் தேடணும்.

திரும்பும் வழியில் கோலகங்சார் தாண்டியதும் தாஸ், "அந்தக் குமிழிய நான் பாக்காமயே இருந்திருக்கலாம்" என்றார்.

கவிதாவிடம் இன்னும் சொல்லவில்லை.


டிசம்பர் 30, செவ்வாய்

பழைய சாமான் கடைகள். மெங்லெம்பு, லஹாட் சாலை, குனோங் ராபாட் மலையடியில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே பதில். இந்த மாடல் பழசு, வந்தால் சொல்கிறோம். ஒரு கடையில் நம் மாடல் வேனின் கதவு மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. கோலாலம்பூரில் கிடைக்கலாம், ஆனால் வர மூன்று வாரமாம்.

அலைந்து வலித்த காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தபோது கவிதாவின் போன். சொல்லிவிட்டேன். அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டு, அரை மணியில் மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வேன் வேற பேருலயும் வந்திருக்கா?"

"ஏன்?"

"எங்க லயத்துக்குப் பின்னாடி ஒரு வேன் கெடக்கு. செடி மூடிக் கெடக்கு. இப்பதான் போயி டார்ச் அடிச்சிப் பாத்தேன். நம்ம வேன் மூஞ்சி மாதிரியே இருக்கு."


டிசம்பர் 31, புதன்

அதே மூஞ்சிதான்!

லயத்துக் கடைசி வீட்டு மணியம் அண்ணனுடையது. அறுபதுக்கு மேல். முன்பு அதில் காய்கறி கொண்டுபோய் விற்றாராம். கியர்பெட்டி உடைந்தது, அப்படியே நிறுத்தியதுதான். சக்கரங்கள் மண்ணில் புதைந்து, கொடி ஜன்னல் வழியாக உள்ளே போய்த் திரும்பி வந்திருக்கிறது. இஞ்சினில் ஒரு குறையும் இருந்ததில்லை என்கிறார்.

கேட்டேன். உடனே தலையாட்டினார். "எடுத்துக்கம்மா. பிள்ளைங்க போற வேனுக்குத்தானே."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஓட்டுநர் சீட்டில் ஒரு சிவப்புக் கோழி. வைக்கோல் போட்டு, பரந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து உறுமியது.

"அட, அதச் சொல்ல மறந்துட்டேன்" என்றார். "அடை காக்குது."

சீட்டைக் கழற்றாமல் இஞ்சினைத் தொட முடியாது. கூடையில் எடுத்து வைக்கலாமா என்றேன்.

"எடுத்தா திரும்ப உக்காராது தங்கச்சி. போன வாட்டி அப்படித்தான் எல்லாம் கூமுட்டையாப் போச்சு. இந்த வாரத்துக்குள்ள பொரிச்சிரும். பொறுத்துக்க."

"அண்ணே, எனக்கு நாளு இல்லண்ணே."

"அதுக்கும்தான் நாளு இருக்கு." கோபமே இல்லாமல் சொன்னார்.

கவிதா மெதுவாக, "அவரு சொல்றது சரிதானே கா" என்றாள். வேலை போகப்போகிறவள் அவள். அவளே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

கோழியை இன்னொரு தடவை பார்த்தேன். இஞ்சினுக்கு நேர் மேலே, நான் உட்காரும் அதே இடத்தில். நகரவே இல்லை.


ஜனவரி 1, வியாழன்

தூறல். புது வருஷப் பூசை. எல்லாரும் என்னென்னவோ வேண்டியிருப்பார்கள். நான் ஒரு கோழிக்காக வேண்டினேன்.

மத்தியானம் தாஸ் தானாகவே வந்து உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் தேய்த்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துடைத்து, டின்னில் போட்டார். கலியாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு தட்டு கழுவியதில்லை. சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.


ஜனவரி 3, சனி

விடிந்ததும் கவிதாவின் போன். ஹலோ இல்லை. "கீச் கீச்னு கேக்குதா?"

போனோம், நானும் தாஸும். மணியம் அண்ணன் கதவோரம் குந்தியிருந்தார். கோழியின் இறகுக்கு அடியிலிருந்து ஒரு தலை, இன்னொரு தலை. கடைசி முட்டை இன்னும் உடையவில்லை. உள்ளிருந்து தட்டுகிற சத்தம். நாங்கள் அத்தனை பேரும் ஒரு முட்டையைச் சுற்றி நின்றோம். யாரும் நேரம் பார்க்கவில்லை. ஓடு விலகி, ஈரமாக ஒன்று வெளியே விழுந்தது. தாஸ் கைதட்டினார், பிறகு வெட்கப்பட்டார்.

யாழினியைக் கவிதா இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு குஞ்சை யாழினியின் உள்ளங்கையில் வைத்தார் மணியம் அண்ணன். அவள் மற்றக் கையால் அதை மூடிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் வைக்கோலோடு கூடைக்கு மாற்றிய பிறகு சீட்டு, தகர மூடி. எட்டுக்கால் பூச்சி வலை, பாம்புச்சட்டை ஒன்று. கவிதா இரண்டு அடி பின்னால் போய், மூன்று அடி முன்னால் வந்தாள். போல்ட்டுகள் அசையவில்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, தாஸ் குழாயை ஸ்பானரில் சொருகி இழுத்தார். 'டக்.' எனக்கு இப்போது அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

ஹெட்டைத் தூக்கினோம். வெளியே இரும்பெல்லாம் காட்டோடு சேர்ந்துவிட்டது. உள்ளே, நேற்று நிறுத்தியது போல. எண்ணெய் இன்னும் பொன்நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மழை பெய்திருக்கும் அதன்மேல்.

மணியம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா. இவ்ளோ சுத்தமா?" அவரும் தன் இஞ்சினை இன்றுதான் பார்க்கிறார்.

என்ன தரட்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாமாம்.

"சீட்ட மட்டும் திரும்ப மாட்டிரு. கோழி தேடும்."

நாலு போல்ட்டையும் இறுக்கி மாட்டினேன்.


ஜனவரி 5, திங்கள்

தைப்பிங். மழை. ஹோ, புது ஹெட்டைத் துடைத்தார். 'புது' என்று எழுதுகிறேன் பாருங்கள். சட்டத்தை வைத்து விளக்குப் பிடித்தார். ஒளி வரவில்லை. பிறகு தொட்டி.

தண்ணீருக்குள் இறங்கியது. குனிந்தோம். என் முகமும் தாஸின் முகமும் தண்ணீரில். ஒரு குமிழி வந்தது! வெளிப்பக்கம் ஒட்டியிருந்த காற்றுதான், ஹோ விரலால் தட்டிவிட்டார். காத்திருந்தோம். காற்றைக் கூட்டினார். காத்திருந்தோம். தண்ணீர் அசையவில்லை.

"பாகுஸ்" என்றார். நல்லது. அந்த ஒரு சொல்தான்.

தாஸ் வெளியே போய் மழையில் நின்று சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். பற்றவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார்.

பிளாக்கும் தயார். சிலிண்டர் சுவரில் புதுக் குறுக்குக் கோடுகள். பழைய கோடுகள் போய்விட்டன. ஒரு நிமிஷம் வருத்தமாக இருந்தது. இந்தக் கோடுகளை ஹோ போட்டார், தைப்பிங்கில், இந்த வாரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிச் சிலிண்டரைப் போட்டார். கை ஏறி இறங்கிய வேகத்துக்கு ஏற்றபடி கோடு சாய்ந்தது.

புதுப் பேரிங், ரிங், கேஸ்கெட் எல்லாம் ஆ செங் வழியாக வந்துவிட்டது. மெழுகுத்தாளில் சுற்றி, சீன மிட்டாய் மாதிரி.


ஜனவரி 7, புதன்

வெயில். மலைகள் எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி தெரிகின்றன.

கவிதா வேலை முடிந்து நேராக வந்தாள், சீருடையோடு. நேற்றே போர்ச்சைக் கழுவி, தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கி, சுற்றிலும் பழைய படுக்கை விரிப்பு கட்டிவிட்டேன். ஒரு மணல் துகள் விழுந்தாலும் எல்லாம் வீண். கையை இருவரும் இரண்டு தடவை கழுவினோம்.

இன்று க்ராங்க் மட்டும்.

பேரிங் தகடுகளை அதனதன் இடத்தில் வைத்தேன். விரலில் எண்ணெய் தொட்டுத் தடவினேன். க்ராங்க்கை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்தோம். "மெதுவா." "மெதுவாத்தான்." இறக்கினோம். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. மேல் மூடிகள், அம்புக்குறி முன்பக்கம் பார்க்க. போல்ட்டு, நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்பானர் 'டிக்' என்றது. ஒவ்வொரு மூடிக்கும் பிறகு சுற்றிப் பார், இறுகினால் நிறுத்து என்கிறது கையேடு. ஒவ்வொன்றுக்கும் சுற்றிப் பார்த்தேன்.

கடைசி மூடி. 'டிக்.' 'டிக்.'

இரண்டு விரலால் தள்ளினேன்.

சுற்றியது. அவ்வளவு பாரம், தூக்க இரண்டு பேர் வேண்டிய இரும்பு, இரண்டு விரலுக்குச் சுற்றியது. விரலை எடுத்த பிறகும் கொஞ்சம் போய், தானாக நின்றது. ஓர் உரசல் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை.

"எண்ணெயில நிக்குதா?" கவிதா கிசுகிசுத்தாள்.

"எண்ணெயிலதான்."

அவள் சுண்டு விரலால் தள்ளினாள். அதற்கும் சுற்றியது. அது தானாக நிற்கும்வரை பார்த்தாள். பிறகு எழுந்து, கையைத் துடைத்து, போனை எடுத்துத் தன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். இன்று ஏழாம் தேதி. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மேடம், கவிதா பேசறேன். எனக்குக் காலை ஷிஃப்ட்டே போடுங்க... ஆமா மேடம். வேன் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏய்! பிஸ்டன் இன்னும் முட்டை அட்டையில இருக்கு. ஹெட்டு அந்தா மூலையில கெடக்கு. ஓடலன்னா?"

"தெரியும் கா."

"அப்புறம்?"

"சுத்துதுல்ல."

மறுபடி குந்தி உட்கார்ந்து தள்ளினாள். சமையலறை மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாக, விரிப்புகளின் இடுக்கில் தெரிகிறாள். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நிறுத்து, தடவின எண்ணெயெல்லாம் வழிஞ்சிரும் என்று போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல மனசு வரவில்லை. தாஸும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், தன் முறைக்கு.